ஐ.எஸ்.ஓ. யார் கையில் இருக்க வேண்டும்?

ஒளிப்படம்: வாசகர் கேள்வி – பதில்

படத்தின் வெளுப்பைக் கூட்டிக் குறைக்கும் எண்ணான ஐ.எஸ்.ஓ.வைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் ஆட்டோ ஐ.எஸ்.ஓ. நல்லதா, கையால் வைப்பது நல்லதா என்பதைச் சுற்றியே வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: கல்யாண ஃபோட்டோ எடுக்கும் ஒரு அண்ணனிடம் உதவியாளராக இருக்கிறேன். ‘ஐ.எஸ்.ஓ. 400ஐத் தாண்டாதே, நாய்ஸ் (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல்) வந்துவிடும்; ஆட்டோவில் போடவே போடாதே’ என்கிறார். 400லேயே எடுத்து, இருட்டாக வந்த படங்களை லைட்ரூம் மென்பொருளில் வெளுப்பாக்குகிறேன். அப்படியும் முகத்தில் மணல் தூவியது போலத்தான் இருக்கிறது. ஏன்?
— வாசகர், ஈரோடு

ப: மணல் தூவியது ஐ.எஸ்.ஓ. இல்லை, வெளிச்சக் குறைவு. இது பிடிபட்டால் மற்றக் கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சாரில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: அந்த இடத்து வெளிச்சம், அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஷட்டர் (ஒளி விழும் நேரம்). ஐ.எஸ்.ஓ. இந்தக் கணக்கிலேயே இல்லை. ஒளி விழுந்து முடிந்த பிறகு, அதனால் உண்டான சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குவது என்பதுதான் அந்த எண். மைக்கில் ஒருவர் மெல்லப் பேசுகிறார், நாம் வால்யூமைத் திருகுகிறோம், இரைச்சலும் சேர்ந்து கேட்கிறது. இரைச்சலுக்குக் காரணம் அவர் மெல்லப் பேசியதுதானே தவிர நாம் திருகியது அல்ல.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு பிக்சலில் 10,000 ஒளித்துகள்கள் விழுந்தால் இயற்கையாக வரும் ஏற்ற இறக்கம் 100 அளவில் இருக்கும்; அது 1 சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. 100 துகள்கள் மட்டுமே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. அது 10 சதவீதம். நீங்கள் முகத்தில் பார்க்கும் மணல் அதுதான். கேமரா எதுவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இப்போது உங்கள் படத்துக்கு வருவோம். மண்டபத்தில் எஃப் 4 (அப்பர்ச்சர்; எண் சிறிதானால் திறப்பு பெரிது), 1/125 நொடி, ஐ.எஸ்.ஓ. 400 வைத்தீர்கள், படம் 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு, 2 ஸ்டாப் என்றால் 4 மடங்கு) இருட்டாக வந்தது, லைட்ரூமில் 2 ஸ்டாப் ஏற்றினீர்கள். அதே எஃப் 4, 1/125இல் ஐ.எஸ்.ஓ. 1600 வைத்திருந்தாலும் சென்சாருக்குப் போன ஒளி அதே அளவுதான். ஆக 400 வைத்ததால் ஒளித்துகள் ஒன்றுகூட அதிகமாகக் கிடைக்கவில்லை. நஷ்டம் வேண்டுமானால் உண்டு. கேமரா 1600இல் சிக்னலை எண்ணாக மாற்றுவதற்கு முன்பே பெருக்குகிறது. மாற்றும்போது சேரும் மின்னணு இரைச்சல் அதன் முன் சிறிதாகிவிடுகிறது. நீங்களோ அந்த இரைச்சலையும் சேர்த்தே 4 மடங்கு பெருக்குகிறீர்கள். புதிய சென்சார்களில் இந்த வித்தியாசம் குறைவு. பழைய கேமரா பாடிகளில், அதிலும் பழைய கேனான்களில், நிழல் பகுதியில் கோடு கோடாக எழும்பும். ஜேபெக்கில் எடுத்திருந்தால் இன்னும் மோசம். முகத்தின் நிழல் பச்சையும் சிவப்புமாகத் திட்டுத்திட்டாகும்.

400ஆகக் குறைத்து எடுப்பதில் ஒரே ஒரு லாபம் இருக்கிறது: ஜரிகை, நகை, வெள்ளை வேட்டி போன்ற பளிச்சென்ற இடங்கள் எரிந்து போகாமல் 2 ஸ்டாப் இடம் கிடைக்கும். ரா ஃபைலும் (கேமரா திருத்தாமல் தரும் மூலப் பதிவு) புதிய சென்சாரும் இருந்து, தெரிந்தே அப்படிச் செய்தால் சரி. நாய்ஸ் குறையும் என்று நம்பிச் செய்வதில் பயன் இல்லை.

உங்கள் அண்ணன் சொல்வது எங்கிருந்து வந்தது என்பதும் புரிகிறது. ஃபிலிமில் 36 படம் முடியும்வரை ஒரே வேகம்தான். 800 ரோல் போட்டால் மணிமணியாகத் தெரியும் என்று தவிர்ப்பார்கள். முதல் டிஜிட்டல் கேமராக்களும் 800ஐத் தாண்டினால் தாங்கவில்லை. அந்தக் காலத்துக்கு அது சரியான பாடம். இன்று செய்ய வேண்டியது வேறு. முதலில் அப்பர்ச்சரைத் திறங்கள். ஆள் அசையாத இடத்தில் ஷட்டரைக் குறையுங்கள். முடிந்தால் விளக்கைச் சேருங்கள். இந்த மூன்றும் முடிந்த பிறகும் இருட்டாக இருந்தால், படம் சரியான வெளுப்புக்கு வரும்வரை ஐ.எஸ்.ஓ.வைத் தயங்காமல் ஏற்றுங்கள்.

கே: ஆட்டோ ஐ.எஸ்.ஓ. போட்டால் சில படங்கள் 12800க்குப் போய்விடுகின்றன; சில படங்கள் ஆடிப்போய் வருகின்றன. அதற்குள் என்ன செட்டிங் வைக்க வேண்டும்?
— வாசகி, மதுரை

ப: ஆட்டோ ஐ.எஸ்.ஓ. என்றால் எல்லாவற்றையும் கேமராவிடம் விட்டுவிடுவது என்று நினைக்கிறோம். அதற்குள் நாம் போட வேண்டிய வேலிகள் இரண்டு: அதிகபட்ச ஐ.எஸ்.ஓ. எவ்வளவு, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் எவ்வளவு. இரண்டையும் தொடாமல் கடையிலிருந்து வந்தபடியே விட்டால், நீங்கள் சொன்ன இரண்டு கோளாறும் வரும்.

நிக்கானில் ஷூட்டிங் மெனுவில் ஐ.எஸ்.ஓ. செட்டிங்ஸுக்குள் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும். கேனானிலும் அப்படியே, ஐ.எஸ்.ஓ. ஸ்பீடு செட்டிங்ஸுக்குள். சோனியில் மேல், கீழ் எல்லைகளை ஐ.எஸ்.ஓ. ஆட்டோவைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே வைக்கலாம். ஷட்டருக்கு மட்டும் ‘ஐ.எஸ்.ஓ. ஆட்டோ மின் எஸ்.எஸ்.’ என்று தனி வரி. ஃபியூஜிஃபில்மில் ஆட்டோ 1, ஆட்டோ 2, ஆட்டோ 3 என்று மூன்று பெட்டி கொடுத்திருக்கிறார்கள். நின்றிருப்பவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் சட்டென்று மாற்றலாம்.

ஷட்டர் வேலியை ‘ஆட்டோ’ என்று விட்டால், கேமரா லென்ஸின் ஃபோக்கல் லெங்த்தைப் பார்த்து முடிவெடுக்கும். 35 எம்.எம். லென்ஸ் என்றால் 1/40ஐ ஒட்டி இறங்கும். அது நம் கை நடுக்கத்துக்கான கணக்கு. எதிரே ஓடும் குழந்தைக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதனால் எண்ணாகவே வையுங்கள். போஸ் கொடுத்து நிற்பவர்களுக்கு 1/125, நடப்பவர்களுக்கு 1/250, ஓடும் குழந்தைகளுக்கு 1/500, கபடி, கால்பந்துக்கு 1/1000. இந்த வேலி ஏ மோடிலும் (அப்பர்ச்சரை மட்டும் நாம் வைப்பது; கேனானில் ஏ.வி.) பி மோடிலும் (‘P’; இரண்டையும் கேமரா வைப்பது) மட்டுமே வேலை செய்யும் என்பதை மறக்க வேண்டாம். எஸ் மோடிலும் (ஷட்டரை மட்டும் நாம் வைப்பது; கேனானில் டி.வி.) எம் மோடிலும் (இரண்டையும் நாமே வைப்பது) ஷட்டரை நீங்களே வைத்திருப்பதால் கேமரா அதைத் தேடாது.

மேல் எல்லைக்கு மற்றவர் சொல்லும் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம். மாலை 7 மணிக்கு வீட்டுக்குள் ஒரே விளக்கில் ஒருவரை உட்கார வையுங்கள். அப்பர்ச்சரை மாற்றாமல் 800, 1600, 3200, 6400, 12800 என ஐந்து படம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஷட்டரை ஒரு ஸ்டாப் வேகமாக்கி, ஐந்தும் ஒரே வெளுப்பில் வருமாறு பாருங்கள். பிறகு 8க்கு 12 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு, கையில் பிடித்துப் பாருங்கள். திரையில் 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் எந்தக் கேமராவும் தேறாது. பிரிண்ட்டில் கண் இமை முடியும் தோலும் எந்த எண்வரை நன்றாக இருக்கிறதோ அதுவே உங்கள் எல்லை. சிறிய அளவான ஏபிஎஸ்-சி சென்சாரில் பெரும்பாலும் 6400, பெரிய ஃபுல் ஃபிரேம் சென்சாரில் 12800 அருகில் வந்து நிற்கும். பத்து வருடத்துக்கு மேற்பட்ட பாடி என்றால் 3200.

எல்லையைத் தொட்ட பிறகு என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். ஏ மோடில் கேமரா மேல் வேலியை மதித்து, ஷட்டர் வேலியைத் தாண்டிவிடும்: 1/250 என்று சொல்லியிருந்தாலும் 1/60க்கு இறங்கிப் படத்தை ஆட்டிவிடும். எம் மோடில் தாண்டுவதற்கு எதுவும் இல்லை என்பதால் படம் இருட்டாக வரும். இரண்டில் இருட்டுப் படமே மேல். அதை ஓரளவு மீட்கலாம். ஆடிய படத்தை மீட்க வழி இல்லை. அசைவு முக்கியமான இடத்தில் எம் மோடும் ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வும் சேர்ந்ததே எங்கள் தேர்வு. ஷட்டரும் அப்பர்ச்சரும் நம்மிடம், ஐ.எஸ்.ஓ. கேமராவிடம் என்ற இந்த ஏற்பாட்டுக்காகவே பென்டாக்ஸ் 2006இல் கே10டி பாடியில் டி.ஏ.வி. என்று தனி மோடு வைத்தது.

எம் மோடில் இதற்கு எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. மண்டபத்துக்குள் எஃப் 2.8, 1/250 வைத்துவிட்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு அப்படியே உச்சி வெயிலுக்கு வருகிறீர்கள். ஐ.எஸ்.ஓ. 100க்கு இறங்கி, அதற்குக் கீழே போக இடமில்லாமல் நிற்கும். அந்த வெயிலுக்கு எஃப் 2.8இல் 1/3200 வேண்டும். படம் மூன்றரை ஸ்டாப்புக்கு மேல் வெளுத்துப் போகும். ராவில் எடுத்திருந்தாலும் திரும்பாது. வாசற்படியைத் தாண்டும்போது கட்டை விரல் ஷட்டர் டயலில் இருக்கட்டும்.

கே: நிக்கான் வைத்திருக்கிறேன். ஆட்டோ ஐ.எஸ்.ஓ. ஆன். நல்ல வெயிலிலும் 800க்குக் கீழே இறங்க மறுக்கிறது. கேமரா பழுதா?
— வாசகர், நாகர்கோவில்

ப: பழுது இல்லை. நிக்கானில் ஆட்டோ ஆன் செய்த பிறகும் ஐ.எஸ்.ஓ. பட்டனைப் பிடித்து டயலைத் திருப்பினால் ஒரு எண் வைக்க முடியும். அந்த எண்தான் ஆட்டோவின் தரை. எப்போதோ 800 வைத்து மறந்திருக்கிறீர்கள். 100க்குத் திருப்புங்கள்.

கே: ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டி3இல் எனக்கும் இதே தொல்லை, 640க்குக் கீழே போகவில்லை.
— வாசகர், கோயம்புத்தூர்

ப: காரணம் வேறு. டைனமிக் ரேஞ்ச் செட்டிங்கை டி.ஆர். 400இல் வைத்திருப்பீர்கள். வானத்தை எரியவிடாமல் காப்பதற்காகக் கேமரா 2 ஸ்டாப் குறைவாக எடுத்து நிழலை உள்ளுக்குள் தூக்கிவிடும் ஏற்பாடு அது. இந்த பாடியின் அடிப்படை ஐ.எஸ்.ஓ. 160. 2 ஸ்டாப் மேலே 640. டி.ஆர். 200 என்றால் 320, டி.ஆர். 100 என்றால் 160 வரை இறங்கும். கேனானில் ஹைலைட் டோன் பிரையாரிட்டி ஆன் செய்தால் 200க்குக் கீழே போகாததும் இதே வகைக் காரணத்தால்தான்.

கே: வேடந்தாங்கலுக்கு 150-600 லென்ஸுடன் போனேன். எம் மோடு, 1/2500, எஃப் 6.3, ஆட்டோ ஐ.எஸ்.ஓ. வானத்தில் பறந்த கொக்குகள் கறுப்பு நிழலாகவும், மரங்களுக்கு முன் பறந்தவை சிறகில் ஒரு இறகுகூடத் தெரியாத வெள்ளைக் காகிதமாகவும் வந்தன. எங்கே தப்பு?
— வாசகர், செங்கல்பட்டு

ப: ஷட்டரும் அப்பர்ச்சரும் சரி. பறவைக்காக ஆட்டோ போட்டீர்கள். கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர் பார்த்ததோ பின்னணியை.

ஒரே கொக்கை இரண்டு நொடி தொடர்ந்து பாருங்கள். முதலில் வெளிர் வானம். ஃபிரேமில் பத்தில் ஒன்பது பங்கு பிரகாசம். மீட்டர் அதை நடுத்தரச் சாம்பலுக்கு இழுக்க ஐ.எஸ்.ஓ.வைக் குறைக்கிறது, கொக்கின் அடிவயிறு நிழலாகிறது. அதைச் சரிசெய்ய எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (மீட்டரின் முடிவை நாம் கூட்டிக் குறைக்கும் வசதி) பிளஸ் 1இலிருந்து 1.7 வரை வேண்டும். அடுத்த நொடி கொக்கு கடம்ப மரங்களுக்கு முன்னால் வருகிறது. இப்போது ஃபிரேம் முழுக்கக் கரும்பச்சை. மீட்டர் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுகிறது, வெள்ளைச் சிறகு எரிகிறது. இதற்கு மைனஸ் 1இலிருந்து 1.7 வரை வேண்டும். பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு மூன்று ஸ்டாப் தூரம். பறவையைத் துரத்திக்கொண்டே யாராலும் டயலை அப்படித் திருப்ப முடியாது.

இந்த இரண்டு நொடியில் கொக்கின் மேல் விழுந்த வெயில் மாறவே இல்லை. மாறாத ஒன்றுக்கு ஆட்டோ எதற்கு? இங்கே ஐ.எஸ்.ஓ.வைக் கையால் பூட்டுங்கள். தெளிவான வெயிலுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16, 1/100. அதை உங்கள் 1/2500, எஃப் 6.3க்குக் கொண்டுவந்தால் ஐ.எஸ்.ஓ. 400 வரும். அது நடுத்தர நிறப் பறவைக்கு. தூய வெள்ளைக் கொக்குக்கு ஒரு ஸ்டாப் குறைத்து 200. நீர்க்காகத்துக்கு 640 அல்லது 800. காலை 7 மணி வெயில் இதைவிட மெலிந்தது. எனவே போனதும் கிளையில் உட்கார்ந்திருக்கும் கொக்கு ஒன்றைப் படமெடுத்து, பிளேபேக்கில், எரிந்த இடத்தை மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையை ஆன் செய்து பாருங்கள். முதுகு கறுப்பும் வெள்ளையுமாக மினுக்கினால் ஐ.எஸ்.ஓ.வை மூன்றில் ஒரு ஸ்டாப் குறைத்து மறுபடி எடுங்கள். மினுக்கல் நிற்கும் இடமே அன்றைய எண். வெயில் ஏறும், அதனால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். வானத்துக்கு எதிரே வந்தாலும் மரத்துக்கு எதிரே வந்தாலும் கொக்கு ஒரே மாதிரி வரும்.

மேகம் வந்து வந்து போகும் நாளில் கதை வேறு. வெளிச்சமே நொடிக்கு நொடி மாறும்போது ஆட்டோவை மிஞ்ச ஆள் இல்லை. புதர்களுக்குள் வெயிலும் நிழலுமாகத் தாவும் சிறு பறவைகளுக்கும் அப்படியே. அப்போது எம் மோடு, ஆட்டோ ஐ.எஸ்.ஓ., பின்னணிக்குத் தக்க காம்பன்சேஷன். கேனான் 5டி மார்க் 3, 6டி போன்ற பாடிகளில் எம் மோடில் காம்பன்சேஷன் வேலை செய்யாது. அவற்றை வைத்திருப்பவர்கள் டி.வி. மோடுக்குப் போய் ஷட்டரைப் பிடித்துக்கொள்வதே நல்லது.

இன்னொன்று. ஐ.எஸ்.ஓ. குறைய வேண்டும் என்று ஷட்டரை 1/800க்கு இறக்குகிறார்கள். பறக்கும் பறவைக்கு அது போதாது. சிறகு நுனி கரைந்துவிடும். நாய்ஸ் குறைக்க இன்று நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. கரைந்த சிறகைக் கூராக்க எதுவும் இல்லை.

கே: மண்டபத்துக்குள் ஃபிளாஷுடன் ஆட்டோ ஐ.எஸ்.ஓ. வைக்கலாமா? எனக்கு ஒரு படத்தில் பின்னணி மஞ்சளாகவும் அடுத்ததில் கறுப்பாகவும் வருகிறது.
— வாசகர், திருச்சி

ப: வைக்க வேண்டாம். டி.டி.எல். ஃபிளாஷ் (லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து வேலை செய்வது) தன் அளவைத் தானே தீர்மானிக்கும் ஆட்டோ. அதோடு ஐ.எஸ்.ஓ.வும் ஆட்டோ என்றால் இரண்டு பேர் ஒரே வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரி ஆகும். நிக்கானில் பின்னணி வெளிச்சத்தைப் பிடிக்க ஐ.எஸ்.ஓ. மேலே போகும், மஞ்சள் பல்பும் சேர்ந்து படத்தில் ஏறும். அதற்காகவே புதிய பாடிகளில் ‘ஃபிளாஷுடன் அதிகபட்சம்’ என்று தனி எல்லை உண்டு. கேனானின் பல டி.எஸ்.எல்.ஆர்.களில் ஃபிளாஷ் போட்டதும் ஆட்டோ 400இல் நின்றுவிடும், பின்னணி கறுப்பாகும்.

எம் மோடு, எஃப் 4, 1/100, ஐ.எஸ்.ஓ. 800, ஃபிளாஷ் தலையைக் கூரைக்குத் திருப்பி டி.டி.எல். இங்கிருந்து தொடங்குங்கள். பின்னணி இன்னும் இருட்டு என்றால் ஐ.எஸ்.ஓ. 1600. முகம் மட்டும் கூடக் குறைய இருந்தால் ஃபிளாஷ் காம்பன்சேஷனைத் தொடுங்கள், ஐ.எஸ்.ஓ.வைத் தொடாதீர்கள். கூரை உயரமாக இருக்கும் மண்டபத்தில் 1600 இன்னொரு விதத்திலும் உதவும். 800இலிருந்து 1600 போனால் ஃபிளாஷுக்குப் பாதி வேலைதான். தாலி கட்டும் நேரத்தில் அடுத்தடுத்து அடித்தாலும் சார்ஜ் ஏறக் காத்திருக்க வேண்டியிராது.

மேடைச் சடங்குகளுக்கு ஒரே ஐ.எஸ்.ஓ.வாகப் பூட்டுவதில் ஆல்பம் வேலையும் மிச்சம். ஆட்டோவில், மணப்பெண்ணின் அரக்குப் பட்டு ஃபிரேமை நிறைத்தால் ஒரு எண், மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி நிறைத்தால் இன்னொரு எண். 200 படத்தையும் தனித்தனியாகத் திருத்த வேண்டியிருக்கும். பூட்டியிருந்தால் ஒன்றைத் திருத்தி மற்றவற்றுக்கு அப்படியே ஒட்டிவிடலாம்.

கே: டியூப் லைட் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் தொடர்ச்சியாக எடுத்தால் ஒரு படம் பளிச், ஒன்று மங்கல். ஆட்டோ ஐ.எஸ்.ஓ. தடுமாறுகிறதா?
— வாசகி, யாழ்ப்பாணம்

ப: ஐ.எஸ்.ஓ. மேல் குற்றமில்லை. இலங்கையிலும் இந்தியாவிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. 1/250இல் அந்தத் துடிப்பின் ஒரு துண்டுதான் கிடைக்கும். அது உச்சியா, பள்ளமா என்பது அந்த நொடியின் அதிர்ஷ்டம். பழைய சோக் வைத்த டியூப் என்றால் நிறமும் மாறும். 1/100 வைத்தால் ஒவ்வொரு படத்திலும் ஒரு முழுத் துடிப்பு வந்துவிடும். ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வின் குறைந்தபட்ச ஷட்டரை 1/125க்குப் பதில் 1/100 ஆக்குங்கள். அசைவுக்காக வேகம் வேண்டும் என்றால் கேமராவில் ஆன்டி ஃபிளிக்கர் இருக்கிறதா என்று மெனுவில் பாருங்கள். விளக்கு உச்சியில் இருக்கும்போது மட்டும் ஷட்டரைத் திறக்கும் வசதி அது.

கே: கார்த்திகை தீபத்தன்று அகல் விளக்கு வரிசையை ட்ரைபாடில் வைத்து ஏ மோடில் எஃப் 8இல் எடுத்தேன். படம் முழுக்க நாய்ஸ். விவரத்தைப் பார்த்தால் 1/15 நொடி, ஐ.எஸ்.ஓ. 6400.
— வாசகர், திருவண்ணாமலை

ப: ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வை அணைக்க மறந்திருக்கிறீர்கள். கேமராவுக்கு ட்ரைபாடில் உட்கார்ந்திருப்பது தெரியாது. கையில் இருப்பதாகவே நினைத்து, ஷட்டரைக் காப்பாற்ற உங்கள் மேல் எல்லையான 6400 வரை போய், அதுவும் போதாமல் 1/15க்கு இறங்கியிருக்கிறது. 6400 என்பது 100இன் 64 மடங்கு. 1/15ஐ 64ஆல் பெருக்கினால் 4 நொடி சொச்சம். ஆக அதே எஃப் 8இல் ஐ.எஸ்.ஓ. 100, 4 நொடி வைத்திருந்தால் அதே வெளுப்பில், 64 மடங்கு ஒளியுடன், துடைத்து வைத்த மாதிரி வந்திருக்கும். சுடர் மட்டும் காற்றில் சற்று விரியும். கூராக வேண்டுமானால் 400, 1 நொடி.

ட்ரைபாடில் ஏறியதும் ஆட்டோவை அணைப்பதைப் பழக்கமாக்குங்கள். 2 நொடி டைமர் வையுங்கள். பல படங்களை ஒட்டி அகலமாக்கும் பனோரமாவுக்கும் இதே விதி. இல்லையென்றால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வெளுப்பில் வந்து, ஒட்டிய இடத்தில் வானம் பட்டை பட்டையாகத் தெரியும். ஒரே காட்சியை வெவ்வேறு வெளுப்பில் அடுத்தடுத்து எடுக்கும் பிராக்கெட்டிங்கிலும் கவனம் தேவை: எம் மோடில் ஆட்டோ ஐ.எஸ்.ஓ. இருந்தால், படங்களுக்கு இடையிலான வித்தியாசத்தை ஷட்டரால் செய்யாமல் ஐ.எஸ்.ஓ.வால் செய்துவிடும் கேமராக்கள் உண்டு.

கே: மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம். பின்னால் கறுப்புத் திரை. ஆட்டோவில் முகம் வெளுத்துவிடுகிறது.
— வாசகி, தஞ்சாவூர்

ப: கறுப்புத் திரையை மீட்டர் சாம்பலாக்கப் பார்க்கிறது, பலி ஆவது முகம். பரதநாட்டிய மேடையில் விளக்கு பெரும்பாலும் ஒரே அளவில் இருக்கும் என்பதால் இது கையால் வைக்க வேண்டிய இடம். எஃப் 2.8, 1/320, ஐ.எஸ்.ஓ. 1600இல் தொடங்கி, முதல் உருப்படியிலேயே முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, நெற்றியும் மூக்கும் எரியாத அளவுக்குக் கூட்டிக் குறையுங்கள். குதித்து ஆடும் அடவுகளுக்கு 1/500, ஐ.எஸ்.ஓ. 2500. நடன நாடகம் போல விளக்கு நிறம் மாறி, அணைந்து எரியும் நிகழ்ச்சி என்றால் ஆட்டோவுக்குத் திரும்பி, மீட்டரிங்கை ஹைலைட் வகைக்கு மாற்றுங்கள். நிக்கானில் 2014இல் வந்த டி810 முதல் இது இருக்கிறது. சோனியின் புதிய பாடிகளிலும் உண்டு. ஃபிரேமில் மிகப் பிரகாசமான இடம் எரியாமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. கறுப்புத் திரையை அது பொருட்படுத்தாது.

கே: மொபைலில் புரோ மோடில் ஐ.எஸ்.ஓ. 100 வைத்தால், சாதாரண ஆட்டோவைவிட மோசமாக வருகிறதே?
— வாசகர், சேலம்

ப: மொபைலின் ஆட்டோ, ஒரு அழுத்தலுக்குள் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்த்து நாய்ஸைக் குறைக்கிறது. பல மொபைல்களில் புரோ மோடில் அந்தச் சேர்க்கை இருக்காது. ஒரே ஒரு படம்தான். பெரும்பாலான மொபைல்களில் அப்பர்ச்சரும் மாறாது என்பதால், 100 வைத்ததும் ஷட்டர் மெதுவாகிக் கை ஆட்டமும் சேர்ந்துகொள்கிறது. ஆட்டோவிலேயே எடுங்கள். ட்ரைபாடில் வைத்து 10 நொடி திறந்து வண்டி விளக்குக் கோடுகளைப் பிடிக்கும்போது மட்டும் புரோவுக்குப் போனால் போதும்.

கே: என் கேமராவில் ஐ.எஸ்.ஓ. 50 ‘லோ’ என்று இருக்கிறது. 100ஐவிடச் சுத்தமாக இருக்குமா? குற்றாலத்தில் அருவியைப் பட்டு மாதிரி எடுக்க அதைத்தான் வைத்தேன். நுரையெல்லாம் வெறும் வெள்ளை.
— வாசகர், தென்காசி

ப: பெரும்பாலான கேமராக்களில் ‘லோ’ என்பது 100இல் ஒரு ஸ்டாப் அதிகமாக ஒளி விட்டு எடுத்து, பிறகு உள்ளுக்குள் இருட்டாக்கிக் கொடுப்பது. நிழல் சுத்தமாகும், நிஜம். ஆனால் மேல் பக்கத்தில் ஒரு ஸ்டாப் பறிபோகும். அருவி நுரை இருப்பது அந்த மேல் பக்கத்தில்தான். ஐ.எஸ்.ஓ. 100இல் இருங்கள். லென்ஸ் முன்னால், ஒளியைக் குறைக்கும் 6 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் மாட்டுங்கள், எஃப் 8இல் 1/60 காட்டிய இடத்தில் 1 நொடி கிடைக்கும். சாரல் ஃபில்டரில் துளித்துளியாக நிற்கும் என்பதால், பையில் உலர்ந்த துணி இரண்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு படத்துக்கு முன்பும் துடையுங்கள்.